பின்பக்கத்துச் சத்தம்

வாப்பாவின் மொரிஸ் மைனருக்கென்று ஒரு வாசம் இருந்தது. வெயிலில் காய்ந்த சீட்டு, பெற்றோல், டிக்கிக்குள் எப்போதோ கவிழ்ந்த எருமைத் தயிர், கடைக்கு வரும் புதுச் சாரங்களின் கஞ்சி, எல்லாம் கலந்து ஒன்றாகி, ஜன்னலை இறக்கினால் பொத்துவில் கடலின் உப்புக்காற்றும் வந்து சேர்ந்துகொள்ளும் வாசம். பிரதான வீதியில் வாப்பாவுக்குப் புடவைக்கடை. கார் பெயருக்குத்தான் வாப்பாவுடையது. கல்யாணமென்றால் மாப்பிள்ளை அதில்தான் வருவார். பிள்ளைப்பேறு கடுமையென்றால் நடுச்சாமத்தில் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஓடுவார்கள். பெருநாள் பின்னேரம் அறுகம்பைப் பாலத்தில் நின்று காற்று வாங்கவும் அதே கார்தான். பின்சீட்டில் நானும் ராத்தாவும், சாச்சியின் பிள்ளைகளும், எங்கள் மடிகளில் உம்மாவின் சம்பல் போத்தல்களுமாக அடைந்து கிடப்போம்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரிடமிருந்து கை மாறி வந்த கார் அது. நம்பர் பிளேட்டில் 1 ஸ்ரீ. அலெக் இசிகோனிஸ் என்ற, துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்த ஒரு மனிதர் வரைந்து கொடுத்ததென்றும், 1948இல் முதல் கார் வெளியே வந்து 1971இல் செய்வதை நிறுத்திவிட்டார்களென்றும் பின்னாளில் வாசித்தேன். எங்களுக்கு அது எதுவும் தெரியாது. 1970க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவது சுருங்கி, பாண் வாங்கவே விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். அப்படிப்பட்ட நாளில் பழைய கார் என்ற பேச்சே கிடையாது. ஓடுகிற கார், ஓடாத கார் என்று இரண்டு வகைதான்.

மாரி முடிந்த கையோடு அந்தச் சத்தம் தொடங்கியது. கார் பதினைந்து மைல் வேகத்தில் போகும்வரை ஒன்றும் கேட்காது. இருபத்தைந்தைத் தொட்டதும் பின்பக்கத்திலிருந்து ஒரு உறுமல் எழும்பி, தரை வழியாக ஏறி எங்கள் முதுகெலும்புக்குள் வந்து உட்காரும். முன்னால் இருந்த வாப்பாவுக்கு முதலில் அது கேட்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்ற பெருமை, அதன்பிறகு அந்தக் காரில் ஏறும் ஒவ்வொரு முறையும் எனக்கு இருந்தது. "வாப்பா, வருது, வருது" என்று நான் கத்த, ராத்தா என் வாயைப் பொத்துவாள்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. டிக்கிக்குள் தேங்காய் உருளுதென்றார் உம்மா. தேங்காயை எல்லாம் இறக்கிப் பார்த்தோம், உறுமல் இறங்கவில்லை. டயர் பூப்பூவாய்த் தேய்ந்ததால் வரும் சத்தமென்றார் மாமா. அதற்கு வாப்பா ஒரு பரீட்சை வைத்தார். கோமாரிப் பக்கம் நல்ல தார் ரோட்டில் ஒருக்கா, கிறவல் ரோட்டில் ஒருக்கா ஓட்டினார். டயர்ச் சத்தமென்றால் ரோட்டுக்கு ரோடு குரல் மாறவேண்டும். இது மாறவில்லை. மாமா தோற்றதை ஒத்துக்கொள்ளாமல் டயரிலேயே நின்றார். மழை நாளில் லாகுகலைப் பக்கம் வெள்ளத்துக்குள்ளால் காரை விட்டதுதான் எல்லாத்துக்கும் காரணமென்று வாப்பும்மா வெற்றிலை மடித்தபடியே சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில், பாணமைக்காரர் ஒருவரின் கராஜுக்குப் போனோம். கராஜ் என்றால், ஒரு வேப்பமரம், நாலு கம்புகளுக்கு மேல் கிடுகுக் கூரை, ஒயில் குடித்துக் கறுத்த மணல், அவ்வளவும்தான். பாணமையில் சிங்களமும் தமிழும் கொண்டு கொடுத்துக் கலந்த ஊராட்கள் என்பதால் அவர் பேச்சில் இரண்டும் தாராளமாக வரும். எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டோம். வாயில் எப்போதும் அணைந்த பீடி. ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நிற்கிற முகத்தோடு வாப்பா நிலைமையைச் சொல்ல, பாஸ் ஒரு கருவியையும் தொடாமல், பின்சீட்டின் குஷனைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, வெறுந்தகட்டில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஓட்டுங்க முதலாளி" என்றார்.

அந்த ஓட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கார் முப்பது மைலைத் தொட்டதும் பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். "எக்சிலேட்டர அமத்துங்க." வாப்பா அமத்தினார். உறுமலுக்கு மேலால் நுளம்பின் ரீங்காரமாய் இன்னொரு மெல்லிய சத்தம் எழும்பியது. அது இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. "இப்ப விடுங்க." ரீங்காரம் நின்றது, உறுமல் நிற்கவில்லை. "நியூட்ரல்ல போட்டு எஞ்சின நிப்பாட்டுங்க." கார் சும்மா உருண்டது. எஞ்சின் இல்லாத அந்த அமைதிக்குள் உறுமல் தனியாக வந்துகொண்டிருந்தது. பிறகு வளைவுகள். "வலத்தால கிறுகக்குள்ள கூடுதா, கொறையுதா தம்பி?" என்று என்னைக் கேட்டார். ஒரு மெக்கானிக் பாஸ் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில் என் நெஞ்சு விரிந்து, "கூடுது" என்று வாப்பாவுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். இடத்தால் கிறுகியபோது சத்தம் தணிந்தது.

திரும்பி வந்து வேப்பமர நிழலில் காரை நிறுத்தியதும் பாஸ் சொன்னார், "முதலாளி, இதுக்குள்ள ரெண்டு சத்தம் இரிக்கி. ஒண்டு பழசு, மத்தது புதுசு. புதுசத்தான் பாக்கணும்."

வாப்பும்மாவுக்குக் கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்: புதுச் சத்தத்துக்குக் காரணம் தண்ணீர்தான். தூர ஓட்டத்தில் சூடேறிய பின் அச்சு, மாரி வெள்ளம் புரளும் சப்பாத்துப் பாலத்தில் இறங்கும்போது சட்டென்று குளிர்கிறது. உள்ளேயிருந்த காற்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்துக்கு சீல்களின் இடுக்கால் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் போய்ச் சேர்ந்த பெயாரிங் துருவேறிப் பொரிந்து, பிறகு உறுமத் தொடங்குகிறது. கார் வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடப்பக்கத்துச் சில்லில் சாய்கிறது. ஆகவே வலத்துக்குக் கிறுகும்போது சத்தம் கூடினால் கெட்டது இடது பெயாரிங். இதைப் பாஸ் மணலில் விரலால் கோடு போட்டு விளக்கினார். வளைவில் வெளிச்சில்லு உள்சில்லைவிடக் கூடத் தூரம் ஓடவேண்டியிருக்கிறதென்றும், அதற்காகத்தான் நடுவில் அந்த டிப்ரன்சல் உருண்டையை வைத்திருக்கிறார்களென்றும் அவர் சொன்னபோது, எவ்வளவு காலமாக இதைத் தெரியாமல் பின்சீட்டில் இருந்திருக்கிறேன் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அச்சுக்கடியில் பாலைமரக் கட்டைகள் வைத்து இரண்டு பின்சில்லையும் தரையிலிருந்து எழுப்பினார்கள். வாப்பா உள்ளே இருந்து கியரைப் போட்டார். பாஸ் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை அச்சில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டார். வலப்பக்கம், நடு, இடப்பக்கம். இடப்பக்கத்தில் வந்ததும் முகம் சுளித்து, அதே பிடியை என் காதில் வைத்தார். அந்த மரப்பிடி வழியாக என் தலைக்குள் இறங்கிய கரகரப்பு இன்னும் போகவில்லை.

டிரம்மைக் கழற்றி ஹாஃப் சாஃப்டை இழுத்ததும் பழைய கியர் ஒயில் தகர டின்னில் வடிந்தது. 90ஆம் நம்பர் ஒயில். கெட்டுப்போன முட்டையும் சுட்ட ரப்பரும் சேர்ந்த நாற்றம். கந்தகம் கலந்திருப்பதால் அப்படி மணக்கும். அன்று அது தேன் நிறத்தில் வரவில்லை, பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தது. "தண்ணி" என்று பாஸ் ஒரு சொல்லில் முடித்தார். பிறகு பெரிய நட்டு. ஊருலகத்து நட்டெல்லாம் இடப்பக்கமாய்ச் சுற்றினால் கழலும். இந்தக் காரின் இடது நட்டு மட்டும் எதிர்த்திசையில் கழலும். ஓடுகிற சில்லின் சுழற்சியில் தானாக அவிழாமலிருக்கத்தான் அப்படி மரை வெட்டியிருக்கிறார்கள். உதவிக்கு வந்த மாமா, தெரியாமல் வழமையான பக்கத்துக்குத் தொங்கித் தொங்கி இறுக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளைக்காரன் நல்லாத்தான் பூட்டிரிக்கான்" என்று பாராட்டினார். பாஸ் சிரிக்கவில்லை. பீடியை வாயின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

புது பெயாரிங்குக்கு எங்கே போவது? கடைச்சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம், பழையதை மண்ணெண்ணெயில் கழுவிப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார் வாப்பா. அவர் இ.போ.ச. பஸ்ஸில் இரவிரவாகப் போய், பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கி, ஏதோவொரு செத்த மொரிஸிலிருந்து கழற்றிய நல்ல பெயாரிங் ஒன்றோடு வந்து சேர்ந்தார். (காலத்தின் வேடிக்கை, 1990களில் சார்ல்ஸ் வேர் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களை நம் நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பாஸ் அதைக் கேட்டிருந்தால் பீடியைப் பற்றவே வைத்திருப்பார்.) வந்த பெயாரிங்கைப் பாஸ் விரலில் கொளுவிச் சுழற்றி, காதுக்குக் கிட்ட வைத்து, ஓய்ந்து நிற்கும்வரை கேட்டார். பேக்கிங்குக்கு சீமெந்துப் பையின் தடித்த தாளை இரும்பின் மேல் விரித்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டியே வட்டமாக வெட்டி எடுத்தார். அசர் பாங்கு சொல்லும்போது எல்லாம் பூட்டி, புது ஒயில் விட்டாயிற்று. உம்மா அனுப்பிய பிளேன்டியும் பனங்கட்டியும் ஆறிப் போயிருந்தன.

உறுமல் ஒழிந்தது. ரீங்காரம் இருந்தது. "மத்தது?" என்று வாப்பா கேட்டார்.

"அது கெழட்டுச் சத்தம். அத விடுங்க" என்றார் பாஸ். பினியனில் 9 பல், கிரவுன் சில்லில் 41. இரண்டையும் பொதுவாக வகுக்கிற எண் கிடையாது. அதனால் ஒரு பல் மற்றப் பக்கத்துப் பல் ஒவ்வொன்றையும் முறைவைத்துச் சந்திக்கிறது, தேய்மானம் எல்லாவற்றிலும் ஒரேயளவாய்ப் பரவுகிறது. அப்படிச் சேர்ந்து தேய்ந்த சோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால் இருந்ததையும் கெடுத்ததாகும். சோடியாக மாற்றினாலும் மயிரிழைக் கணக்கில் தகடு வைத்துச் சரிபார்க்கவேண்டும். ஒயில் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அது இப்படியே இன்னும் கனகாலம் ஓடும் என்றார். எந்தச் சத்தத்துக்குக் காரைப் பிரிக்கவேண்டும், எந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தவேண்டும் என்று பிரித்தறிவதுதான் அவருடைய தொழில் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், எதைக் கண்டாலும் அதில் காதை வைக்கலாம் என்பதுதான்.

வைத்தேன். உம்மாவின் தையல் மெசினில் உம்மாவின் ஸ்பூன் காம்பை ஊன்றிக் கேட்டேன். கிணற்றுக் கப்பிக்கு பெயாரிங் இல்லாததால் அதற்கு மருந்தில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். ஓதப்போன இடத்தில், லெவ்வை அவர்களின் சைக்கிளை நிழலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்சில்லு பெயாரிங் பெய்த்து" என்று அறிவித்தேன். வெளியே வந்தவர், "அத நான் பாத்துக்கிறன், நீ மனே முதல்ல பாடத்தப் பாரு" என்று காதைப் பிடித்தார். கேட்கிற காதையே பிடித்தது எனக்கு அநியாயமாகப் பட்டது.

1977க்குப் பிறகு சாமான் கதவு திறந்து, யப்பான் கார்கள் கரையோர ஊர்களுக்கும் வரத் தொடங்கியபோது, வாப்பா மொரிஸை விற்க நினைத்தார். அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தின இரவு மாமா வந்து குரலைத் தாழ்த்தி, டிப்ரன்சலுக்குள் வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் ரீங்காரம் அடங்கும், நாலு நாளைக்குத் தாங்கும், அதற்குள் கார் அக்கரைப்பற்றுக்குப் போய்விடும் என்றார். பழைய கார் விற்கிறவர்கள் மரத்தூளும் பழமும் போட்டுச் சத்தத்தை அமுக்குகிற கதை உலகத்துக்கே தெரிந்ததுதான். வாப்பா ஒன்றும் பேசவில்லை. காலையில் குலையிலிருந்த கதலிப்பழத்தை எங்களுக்கே சாப்பிடக் கொடுத்துவிட்டார்.

வந்தவரைப் பக்கத்தில் ஏற்றி, கோமாரி ரோட்டில் முப்பது மைலுக்கு எடுத்து, எக்சிலேட்டரை அமத்திக்கொண்டே வாப்பா சொன்னார், "கேக்குதா? இது இரிக்கும். இதுக்கு ஒண்டும் செய்யாதீங்க. ஒயில மட்டும் பாத்துக்கங்க."

வந்தவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லாம இருந்திருந்தா பயந்திரிப்பன் காக்கா" என்று சிரித்து, மடியிலிருந்த காசை எண்ணத் தொடங்கினார். எண்ணும்போதே, அந்தச் சத்தத்துக்கென்று ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை.