சுண்ணாம்பு தடவிய கலயம்

விக்கிரவாண்டி தாண்டிக் கஞ்சனூர் பக்கம் திரும்பியபோது விடியற்காலை ஐந்து மணி. பங்குனி மாதம், இருட்டு இன்னும் விலகவில்லை. வரப்பில் நின்ற பனைகளில் ஏதோ ஒன்றின் உச்சியிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஆள் ஏறிவிட்டார்.

என்னை இங்கே வரவழைத்தது ஒரு ஜாடி ஆப்பிள் சாறு. இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் போன ஐப்பசியில் முதல்முறையாக வீட்டிலேயே சைடர் போட்டான். ஆப்பிளைப் பிழிந்து ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, உள்ளிருக்கும் வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே போகாமல் இருக்கவும் ஒரு மூடி போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தான். அங்கே தன் வீட்டுக்குச் சைடர் போட்டுக்கொள்ள யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. குமிழி ஏறுவதை அவன் வீடியோவில் காட்டியபோது, திண்டிவனத்தில் தாத்தா வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரைப் பனைகளில் தொங்கிய கலயங்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் கரையில் இன்று ஏறுவதற்கு ஆள் இல்லை. பூரிகுடிசை, நரசிங்கனூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

இறங்கி வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மார்பிலும் முன்கையிலும் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைக்கயிறு. இருபது மரம் வைத்திருக்கிறார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நாளைக்கு நாற்பது ஏற்றம். தை பிறந்து பாளை தள்ளியதிலிருந்து ஆனி வரை இப்படித்தான்.

“ஒரு நாள் ஏறலன்னா என்ன ஆகும்ண்ணே?”

“பாள வாய் மூடிக்கும் சார். அப்புறம் ஊறாது. நமக்குக் காய்ச்சல்னு மரத்துக்கிட்ட சொல்ல முடியுமா?”

பாளையைக் கட்டி, கடிப்பு என்ற மரக்கருவியால் நாள்கணக்கில் இதமாக நசுக்கிவிட வேண்டும். அலகுப்பனை, அதாவது ஆண்மரத்துக்கு ஒரு பக்குவம். காய்க்கும் பருவப்பனைக்கு வேறு பக்குவம். பிறகு நுனியைச் சீவ வேண்டும். தரையில் கிடந்த ஒரு பழைய பாளையை எடுத்து எனக்குச் சீவிக் காட்டினார். விழுந்த சீவலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெங்காயச் சருகு கனம்தான், பின்னால் இருந்த ரேகை தெரிந்தது. தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். மேலாகச் சீவினால் சாறு வராது. இந்த அளவு கைக்கு வர மூன்று பருவமாவது ஆகும் என்றார். அவர் மகன் இரண்டாவது பருவத்தில் இருக்கிறான்.

அடுத்தது சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே தடவ எனக்கு ஒரு கலயம் கொடுத்தார்கள். நான் தடவியதைப் பார்த்த அவர் மனைவி, “இவ்ளோ வச்சா வாயில வைக்க முடியாது தம்பி” என்று விரலால் வழித்து எடுத்துவிட்டார். அடியில் கொஞ்சம், பக்கத்தில் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

அந்தப் பூச்சு செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. ஆப்பிள் சாற்றிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஆப்பிள் சாறு சைடராக வாரங்கள் ஆகின்றன. பனஞ்சாறு கள்ளாகச் சில மணி நேரம் போதும். நம் வெயில் ஒரு காரணம். காற்றிலும் பாளையிலும் பூச்சிகளின் காலிலும் ஈஸ்ட் இருப்பது இன்னொரு காரணம். சாறு சொட்டும்போதே புளிப்பு தொடங்கிவிடுகிறது. மறுநாள் அது காடிப் பக்கம் சாய்ந்துவிடும். சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது. சாறு பதநீராக நிற்கிறது.

சுண்ணாம்பு பூசாத கலயம் ஒன்றை எனக்காகக் கட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “அது மட்டும் வேணாம் சார். யாராவது பாத்தா கேசு ஆயிடும்.”

காரணம் இருக்கிறது. 1937இல் ராஜாஜி ஆட்சியில் வந்த மதுவிலக்குச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இடையில் 1971இலும் 1981இலும் கள்ளுக்கடைகள் திறந்தன, மூடின. கடைசியாக 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் கிடையாது. இங்கிருந்து வண்டியில் சிறிது நேரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. ஒரே மரம், ஒரே சாறு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அந்த மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. அதற்கும் பனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கே சாவு விழுந்தாலும் சந்தேகம் முதலில் எங்கள் கலயத்தின் மேல்தான் விழுகிறது என்று அவர் சொன்னார். ஒருமுறை சோதனைக்கு வந்தவர்கள் பதநீர்க் கலயங்களைக் கேள்வி கேட்காமலே உடைத்துவிட்டார்களாம்.

எட்டு மணிக்கெல்லாம் அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. அகலமான வாணலியில் பதநீர் கொதிக்க, அவர் மனைவி, அந்த அக்கா, பனை மட்டைகளைச் செருகிக்கொண்டே இருந்தார். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது இடித்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போட்டார், நுரை அடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிளறல். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். வந்தது. உடனே இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றினார். பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வெல்லம் தேறும்.

அன்று ஒரு கலயத்தில் சுண்ணாம்பு குறைந்துபோய்ச் சாறு லேசாகப் புளித்திருந்தது. முகர்ந்து பார்த்தவுடனே அக்கா அதைத் தனியாக வைத்துவிட்டார். புளித்த சாற்றில் சர்க்கரை உடைந்துவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லம் கெட்டிப்படாது, பிசுபிசுவென்று நிற்கும். அந்தச் சாற்றை வரப்பில் ஊற்றிவிட்டார்கள். விடியலுக்கு முன்னே ஏறி இறக்கிய ஒரு மரத்து உழைப்பு மண்ணுக்குப் போனது. சுண்ணாம்பு தடவுவதில் சட்டத்தைவிட அவர்களுக்கே அக்கறை அதிகம் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

பள்ளி ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பரிடம் வாங்கிப்போன சிவப்பு லிட்மஸ் தாளை மீதமிருந்த பதநீரில் நனைத்தேன். நீலமாக மாறியது. கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த புளித்த சாற்றில் நனைத்தபோது சிவப்பாகவே நின்றது. அவர் இரண்டு தாளையும் வாங்கி வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இது எங்க சார் கிடைக்கும்?” என்று கேட்டார். கையில் இருந்த கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தோம். அதை வெட்டுவதானால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொன்னோம். இரண்டும் நல்ல காரியங்கள். கள்ளைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை அரசு பேசி முடிக்க நாளாகட்டும். அதுவரை பனங்காட்டுக்குச் சோதனைக்குப் போகிற ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு லிட்மஸ் தாள் கட்டு இருக்கட்டும். கலயத்தைத் தொடும் முன் ஒரு தாளை நனைத்துப் பாருங்கள். நீலமானால் அது பதநீர்; அதை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.