புள்ள எங்கடா?

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். உள்ளூர்ப் பாடகர் ஒருவரின் இசைக் காணொளி அன்று எட்டு மணிக்கு யூடியூப்பில் வெளியானது. அதில் என் மூத்த மகள் ஆடியிருந்தாள். கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஆள் குடியில்லாத பழைய லயத்து வீடுகளுக்கு முன்னால் இரண்டு நாள் படப்பிடிப்பு. வெயிலில் கறுத்துப்போய்த்தான் வந்தாள்; ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா முறுக்குத் தட்டோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார்.

நான்கு நிமிடத்தில் பாட்டு முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. என் அம்மாதான் கேட்டார்: "ஏண்டா, புள்ள எங்கடா?"

புள்ள இருந்தாள். மறுபடி ஓடவிட்டு எண்ணினேன். பதினோரு இடத்தில் இருந்தாள். வளையல் போட்ட கையாக, சலங்கை கட்டிய காலாக, இடுப்பாக, முதுகில் புரளும் பின்னலாக. முகம் ஓரிடத்திலும் இல்லை. பாடகரின் முகம் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இயக்குநரிடம் இரண்டு வார்த்தை கேட்டே தீர்வது என்று கைப்பேசியை எடுத்தேன். மகள் பிடுங்கிக்கொண்டாள். "என்னை மட்டும் அப்படி எடுக்கலப்பா. கூட ஆடின அஞ்சு பேருக்கும் அதே கதிதான். இதைப் பத்தி எங்களுக்குப் பாடமே இருக்கு" என்றாள். அவள் கல்லூரியில் ஊடகத் துறை படிக்கிறாள். மறுநாள் காலை, கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் தன் குறிப்பேட்டை வைத்துவிட்டுப் போனாள்.

எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி அமெரிக்காவில் 1981-இல் தொடங்கியது. அதைப் பற்றி ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-இல் ஒரு நூல் எழுதினார். அதிலுள்ள கருத்துகளை ஆசிரியர்கள் சில விதிகளாகச் சுருக்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வகை இசைக்கும் ஒரு வாடிக்கையான காட்சி உண்டு: ராக் என்றால் மேடையும் கிட்டாரும், ராப் என்றால் தெருவும் காரும் கூட்டாளிகளும். படம் பாட்டின் வரிகளை அப்படியே காட்டலாம், அதற்குமேல் ஒன்றைச் சேர்க்கலாம், வரிகளுக்கு எதிராகவும் போகலாம். தாளத்தோடும் படம் இசைந்து போக வேண்டும். பழைய படத்தையோ பாட்டையோ நினைவூட்டலாம்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். பாட்டில் கண் என்று வந்தால் பெண்ணின் கண்ணை வெட்டி ஒட்டுவேன். தாளம் விழும் இடத்தில் மாலை கழுத்தில் விழும். குட்வின் யார் என்று தெரியாமலே அவர் விதிகளைக் கடைப்பிடித்து வந்திருக்கிறேன்!

அடுத்த இரண்டு விதிகளில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்று, பாடகரின் முகத்தை நெருக்கமாக, அடிக்கடி காட்ட வேண்டும். பணம் போடும் இசை நிறுவனம் விற்கப்போவது அந்த முகத்தைத்தான். முகம் மனத்தில் பதிந்தால்தான் அடுத்த பாட்டும் விலைபோகும். மற்றொன்று, பார்ப்பதைப் பற்றியது. கண்ணாடி, திரைக்குள் திரை, ஒளிந்து பார்ப்பது போன்ற கோணம் என்று, குறிப்பாகப் பெண்ணின் உடல் பார்வைப் பொருளாக வைக்கப்படுகிறது. லாரா மல்வி என்ற திரை ஆய்வாளர் 1975-லேயே ஹாலிவுட் படங்களை வைத்து இதை எழுதிவிட்டார்: பார்க்கிறவன் ஆண், பார்க்கப்படுகிறவள் பெண். கேமரா அவளைத் துண்டு துண்டாகக் காட்டும்போது கதை அங்கே நின்றுவிடுகிறது. வளையல், சலங்கை, இடுப்பு, பின்னல் என்று நான் எண்ணிய பதினொன்றும் என் நினைவுக்கு வந்தன.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பாட்டுகளில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டைப் பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், திரையில் வாயசைத்தவர் சந்திரசேகர். அதே பாட்டை 2006-இல் நம் யோகி பி – நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பில் புதிதாகச் செய்தபோது, பாடியவர்களே கேமராவுக்கு முன்னால் நின்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் குரலுக்குத் தங்கள் முகத்தையே கொடுத்ததைப் பார்த்து அன்று நான் பூரித்துப்போனேன். அப்போதெல்லாம் பாடகருக்குப் பின்னால் ஆடுகிறவர்களை நான் கவனித்ததே இல்லை. என் மகள் அங்கே நின்ற பிறகுதான் கண் திறந்தது.

அப்படியானால் நான் எடுத்த வீடியோக்களில்?

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். தவில் வாசித்த தம்பி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அண்ணே, ஒரு காப்பி கிடைக்குமா? ஊர்ல அம்மாவுக்கு அனுப்பணும்." மறுவாரமே சிடி போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பெரிய மனசு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

குறிப்பேட்டைப் படித்த அன்று மதியம் பழைய பெட்டியைக் கிளறி அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டும்போது தவில் தெரிகிறது. கூடு மாட்டிய விரல்கள் தெரிகின்றன. வேட்டிக் கரை தெரிகிறது. பிறகு தாலி, அட்சதை, மாமியாரின் கண்ணீர். இரண்டரை மணி நேர வீடியோவில் அந்தத் தம்பியின் முகம் ஒரு நொடிகூட இல்லை. எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு தாய் அந்த சிடியைப் போட்டுவிட்டு என் அம்மா கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

மகளிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்குச் சம்பளம் கொடுத்தாங்கப்பா, ஆட்டமும் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டியிருந்தா, பாட்டி கேட்டிருக்க மாட்டாங்கல்ல?" என்றாள். 'பரவாயில்லை' என்று அவள் இரண்டு நாளாகச் சொல்லிவந்தது எங்களுக்காகத்தான் என்று அப்போது புரிந்தது.

அன்று மாலை அவளே பாட்டிக்கு 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' காணொளியைப் போட்டுக் காட்டினாள். தீயும் அறிவும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அதில் தோன்றுகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். பாட்டு பிறந்ததே அவர் வாழ்க்கையிலிருந்துதான். பால்மரம் சீவியே எங்களை வளர்த்த என் அம்மா, படத்தை நிறுத்தச் சொல்லி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம தோட்டத்து ஆளு மாதிரியே இருக்கு" என்றார். விதிகள் தெரிந்தவர்கள் நினைத்தால், கேமராவை யார் பக்கமும் திருப்ப முடியும்.

காணொளி எடுக்கும் இளையோரிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். பாடகருக்கு நாற்பது கொடுங்கள், பாட்டு அவருடையது. உங்களோடு வெயிலில் நின்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு நொடி போதும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அதைச் செய்து பார்த்தேன். தவில்காரர் தனி ஆவர்த்தனம்போல் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கேமராவை விரலிலிருந்து மெல்ல உயர்த்தி, அவர் முகத்தில் நிறுத்தினேன். அவர் வாசித்துக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தார், நான் யாரை எடுக்கிறேன் என்று.