ஜீப்புக்கு சாமி வந்த கதை

புனேயில நம்ம வீட்டுல ஒரு பழைய மஹிந்திரா எம்எம்540 இருக்கு. 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின். வேகம் 50ஐத் தொட்டா ஸ்டீயரிங் சாமியாட ஆரம்பிச்சிடும். பின்சீட்டுல பசங்க இருக்கும்போது இது விளையாட்டில்லைங்க.

முன்சக்கரத்தை ஜாக்கில தூக்கி, மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா லொடலொட. பையனை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். அப்பவும் ஆட்டம் நிக்கலை. அப்போ வீல் பேரிங் இல்லை, கிங்பின் பேரிங்தான்! ரெண்டு ஞாயித்துக்கிழமை பார்க்கிங்லயே போச்சு. புது பேரிங் போட்டு, மூடிக்கடியில இருக்கிற ஷிம் தகட்டைக் குறைச்சு இறுக்கினேன். டை ராட் முனைகளும் புதுசு.

"எஞ்சினையும் மாத்திடலாமே"ன்னார் பக்கத்து வீட்டுக்காரர். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019லயே உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு. தவிர, எனக்கு அந்த டகடக சத்தம்தான் பிடிக்கும்.

இப்போ 60லயும் ஆடலை. பொங்கலுக்கு இதுலயே திருநெல்வேலி போகணும். தங்கமணி இன்னும் ரயில் டிக்கெட்டை கேன்சல் பண்ணலை.