33 அடிக் கம்பி



2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அன்று அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்து போனது. அப்போது போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோவுடன் இருந்தவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. தீவில் தப்பிப் பிழைத்தவர்களின் செய்திகளை அவர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, அவை இங்கே தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஹாம் என்றால் அரசிடம் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். செல்போன் டவர் சாய்ந்தாலும் ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ, கொஞ்சம் கம்பி இருந்தால் அவர் பேசுவார்.

அந்தக் 'கொஞ்சம் கம்பி' எவ்வளவு? இதைத்தான் எங்கள் ஆரப்பாளையத்துத் தெருவில் இருக்கும் ஹாம் மாமாவிடம் கேட்டேன். "லீவுதானே, மாடிக்கு வா, கட்டிப் பார்ப்போம்" என்றார்.

கணக்கு சுலபம். ஒளியின் வேகம் 300-ஐ (மில்லியன் மீட்டர்) 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. கம்பியில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைக்க வேண்டும். ஆக 20 மீட்டர், அதாவது 66 அடி. நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 33 அடி. இதற்கு டைபோல் என்று பெயர்.

மாமா வீட்டு மாடியோ 30 அடிதான்! அதனால் மூங்கில் கழியைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் நட்டு, உச்சியிலிருந்து இரு கம்பியையும் கூரை மாதிரி சரித்து இறக்கினோம். ஒரு முனை எங்கள் பக்கம், மறு முனை அடுத்த வீட்டு மாடியில். மோட்டார் வைண்டிங் கடைச் செம்புக்கம்பி, பி.வி.சி. குழாய்த் துண்டு, நைலான் கயிறு, நடுவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிள், அவ்வளவுதான் செலவு.

அடுத்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "கொடியாப்பா? துணி காயப் போடலாமா?" என்றார். "வேணாம் ஆத்தா, பேசும்போது முனையில வோல்டேஜ் ஜாஸ்தி, தொட்டா சுட்டுரும்" என்றார் மாமா. உடனே கயிற்றை நீட்டி, முனைகளை யார் கைக்கும் எட்டாத உயரத்தில் கட்டினார்.

இனிமேல்தான் விஷயமே! வீணைத் தந்தி நீளமானால் சுருதி இறங்கும் அல்லவா? கம்பியும் அப்படித்தான். வெட்டினால் ஒட்ட முடியாது என்பதால் முதலில் வேண்டுமென்றே 34 அடி வைத்தோம். அனலைசர் என்ற சின்னக் கருவியை மாட்டினால், எந்த அலைவரிசையில் சக்தி திரும்பி வராமல் வெளியே போகும் என்று காட்டும். அது 6.9-ஐக் காட்டியது. கம்பி நீளம் என்று அர்த்தம்! இரு பக்கமும் நாலு நாலு அங்குலம் மடித்தோம். சுருதி ஏறியது. மறுபடி நாலு, மறுபடி நாலு. மூன்றாம் முறை 7.1-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கூட்டிப் பார்த்தால் குறைத்தது ஒரு அடி, மிச்சம் 33! நோட்டில் போட்ட வகுத்தல் கணக்கு மொட்டை மாடியில் சரியாக வந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் காலை மாமா தன் அழைப்புக் குறியைச் சொல்லி அழைத்தார். இரைச்சலுக்குள்ளே இருந்து பெங்களூர்க்காரர் ஒருவர் பதில் சொன்னார். நடுவில் டவர் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்த குரல் அது!

நண்பர்களே, மூன்று எச்சரிக்கைகள்: மின்சாரக் கம்பி பக்கம் ஏரியல் கட்டவே கூடாது. இடி மின்னல் வருவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட வேண்டும். தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் ஒலிபரப்பக் கூடாது.

வீட்டுப் பரணில் பழைய சிற்றலை ரேடியோ இருந்தால் எடுங்கள். அதன் ஏரியலில் 33 அடிக் கம்பியை மாட்டி, ராத்திரியில் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். வைகைக் கரையில் இருந்துகொண்டே உலகத்தைக் கேட்கலாம்!

- பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு