அறைக்கு அறை சுவர்

இரண்டாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை, மல்லாங்கிணறு



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவையில் கேட்டதும், பாதிப் பேர் செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எழுதப்போவது ஒரு டாங்கிளைப் பற்றி. சிம் கார்டைப் போட்டு யூஎஸ்பியில் செருகினால் இணையம் தருமே, அந்தச் சின்னச் சாமான். செகண்ட் ஹேண்டில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியது. அது எனக்கு மூன்று நாள் தண்ணி காட்டியது!

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பட்டாசு ஆபீசில் வேலை. அப்பா லோடுமேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்திதான். அதனால் தெருவில் யாருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டுமானாலும், "அந்தப் புள்ள கம்ப்யூட்டர் படிக்குதுல்ல" என்று எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். உதவித்தொகை, வருமானச் சான்றிதழ், பட்டா என்று ஏதாவது ஒன்று. ஆதாரையும் பாஸ்புக்கையும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொண்டு வருவார்கள். அந்தப் பென்டிரைவ் எத்தனை கம்ப்யூட்டரில் புகுந்து புறப்பட்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்? திறந்தால் கோப்பெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும்.

போன வருஷம் பக்கத்துத் தெரு மதினி ஒருவர், கேஒய்சி புதுப்பிக்கணும் என்று வந்த ஒரு லிங்க்கைத் தொட்டு, மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை மொத்தமாக இழந்தார். அழுதுகொண்டே எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. நாளைக்கு என் லேப்டாப் வழியாக யாராவது ஒருத்தருக்கு இப்படி ஆனால்? "படிச்ச புள்ளன்னு நம்பித்தானே குடுத்தோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

அம்மாவின் தீபாவளி போனசில் மதுரையில் வாங்கிய பழைய லேப்டாப் அது. அதில் கியூப்ஸ் ஓஎஸ் போட்டேன். போலந்து நாட்டைச் சேர்ந்த ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற பெண் பாதுகாப்பு ஆய்வாளர் தொடங்கிய இயங்குதளம் இது. 2010-இல் அறிவிக்கப்பட்டு, 2012-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. இதன் அடியில் ஓடுவது ஜென் என்ற ஹைப்பர்வைசர். அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் இதன் வேலை. வங்கி வேலைக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, சந்தேகமான கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே அழித்துவிட ஒன்று. இணையத்தைத் தொடுவது சிஸ்-நெட் மட்டும். பென்டிரைவைத் தொடுவது சிஸ்-யூஎஸ்பி மட்டும். எல்லாவற்றையும் மேய்ப்பது டோம்-ஜீரோ. அதற்கு இணையமே கிடையாது.

இதை அம்மாவிடம் விளக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "எங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்லு" என்றார். உண்மைதான்! பட்டாசு ஆபீசில் எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. மருந்து கலக்க ஒரு ரூம், அடைக்க ஒரு ரூம், திரி வைக்க ஒரு ரூம். ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்தும் அளவாகத்தான் இருக்க வேண்டும். விபத்தே நடக்காது என்று நம்பிக் கட்டிய இடம் அல்ல அது. நடந்தாலும் ஒரு ரூமோடு போகட்டும் என்று கட்டியது. கியூப்ஸும் அப்படியே. வைரஸ் வரவே வராது என்று அது சொல்வதில்லை. வந்தாலும் வந்த அறையோடு நிற்கட்டும் என்கிறது.

அம்மா அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "அப்ப ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குச் சாமான் எப்படித்தா போகும்?" என் மூன்று நாள் பாடும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். எதிர்வீட்டுத் தங்கைக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட மூன்று நாள்தான் பாக்கி. ஓடிபி அவர்கள் வீட்டுப் பட்டன் போனுக்கு வரும். கல்லூரி வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, "ஓடிபியைப் போன்ல சொல்லுங்க" என்று கேட்க எனக்கு மனசில்லை. அதையே பழக்கிவிட்டால் நாளைக்கு எவன் கேட்டாலும் சொல்லிவிடுவார்களே! எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் அப்பாவோடு லோடு போய்விடும். ஆக, டாங்கிள் ஓடியே தீர வேண்டும்.

செருகினேன். நெட்வொர்க் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோழியின் விண்டோஸ் லேப்டாப்பில் அதையே செருகினால் ஒரு நிமிஷத்தில் இணையம் வந்தது. ஆக டாங்கிளிலும் சிம்மிலும் குறையில்லை. கோளாறு தேடும்போது இப்படிப் பாதியைக் கழித்துவிட்டால் மீதிப் பாதியில் தேடினால் போதும்.

யோசித்துப் பாருங்கள். டாங்கிள் ஒரு யூஎஸ்பி சாமான். அதனால் சிஸ்-யூஎஸ்பியில் போய் உட்கார்ந்துகொண்டது. இணையத்தைப் பார்க்க வேண்டியதோ சிஸ்-நெட். இரண்டுக்கும் நடுவில் சுவர். தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

முதல் நாள் ராத்திரி, டோம்-ஜீரோவில் கட்டளை கொடுத்து டாங்கிளை சிஸ்-நெட்டுக்கு மாற்றப் பார்த்தேன். யூஎஸ்பி பிராக்ஸி இல்லை என்று மறுத்தது. என் லேப்டாப்பில் நினைவகம் 8 ஜிபிதான். அதனால் இந்த இரண்டு அறைகளையும் மினிமல் என்ற சிக்கன வகை டெம்ப்ளேட்டில் அமைத்திருந்தேன். அதில் தேவையானதை நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சாமானைக் கொடுக்கிற அறை, வாங்குகிற அறை இரண்டிலும் அந்த பிராக்ஸி இருக்க வேண்டும்.

அடுத்து, சிஸ்-யூஎஸ்பிக்குள் போய் கெர்னல் செய்திகளைப் படித்தேன். சிரிப்பு வந்தது. டாங்கிள் தன்னை மோடம் என்றே சொல்லவில்லை. சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டிருந்தது! இந்த மாதிரி டாங்கிள்களில் பலவும் விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு, முதலில் சிடியாக வந்து நிற்கும். 'வெளியே வா' என்று ஒரு சமிக்ஞை கொடுத்தால்தான் வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாகத் திரும்பி வரும். லினக்ஸில் இதைச் செய்வது யூஎஸ்பி மோட்-ஸ்விட்ச் என்ற நிரல். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வேஷம் மாறும்போது டாங்கிள் ஒரு கணம் கழன்று, புதுச் சாமானாக மறுபடி ஒட்டும். சிஸ்-நெட்டுக்குக் கொடுத்த பிறகு மாறினால், கொடுத்த இணைப்பு அறுந்துபோகும். ஆகவே சிஸ்-யூஎஸ்பியிலேயே வேஷத்தைக் கலைத்துவிட்டு, மோடமான பிறகுதான் அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாம் நாள் கல்லூரி வைஃபையில் தேவையானதை எல்லாம் நிறுவினேன். அறைக்குள்ளே நிறுவினால் அடுத்த தடவை துவக்கும்போது காணாமல் போய்விடும். டெம்ப்ளேட்டில்தான் நிறுவ வேண்டும். சிஸ்-யூஎஸ்பியின் டெம்ப்ளேட்டில் மோட்-ஸ்விட்ச். சிஸ்-நெட்டின் டெம்ப்ளேட்டில் மோடம் மேனேஜர். இரண்டிலும் யூஎஸ்பி பிராக்ஸி. பிறகு இரண்டு அறைகளையும் மறுபடி துவக்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நண்பர் சுருக்குவழி ஒன்று சொன்னார். "எதுக்கு இவ்வளவு பாடு? சிஸ்-யூஎஸ்பியையும் சிஸ்-நெட்டையும் ஒண்ணாக்கிரு. நிறுவும்போதே அதுக்கு ஒரு டிக் இருக்கு." உண்மைதான், கியூப்ஸே அந்த வழியைக் கொடுக்கிறது. யூஎஸ்பியில் டாங்கிள் மட்டுமே செருகுகிறவருக்கு அது போதும். ஆனால் என்னிடம் வருவது ஊரார் பென்டிரைவ். யூஎஸ்பி சாமான் சொல்வதை எல்லாம் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடும் என்பதைக் கார்ஸ்டன் நோல், ஜேக்கப் லெல் என்ற ஜெர்மனி ஆய்வாளர்கள் 2014-இல் பேட்-யூஎஸ்பி என்ற பெயரில் செய்தே காட்டினார்கள். பென்டிரைவ் ஒன்று தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு தானே தட்டச்சு செய்யும்! என் டாங்கிள் சிடி வேஷம் போட்டதும் இதே வழியில்தான். அது நல்லதுக்கு, இது கெட்டதுக்கு. அப்படிப்பட்ட சாமான் வந்து உட்காரும் அறையிலேயே இணைய வாசலையும் வைப்பதா?

சுவர் வேலையைத் தாமதப்படுத்தும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தீபாவளி நெருங்கும்போது, ரூமுக்குள் பார்க்க வேண்டிய வேலையை மரத்தடியில் பார்க்கச் சொல்கிற இடங்களும் உண்டு. சீக்கிரம் முடியும், கூலியும் கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. புகையைப் பார்த்து ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அதைப் பேசும்போது அம்மாவின் குரல் இன்றைக்கும் தாழ்ந்துதான் போகும். என் லேப்டாப்பில் உயிர் போகாது. ஆனால் அடுத்தவர் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டு சுவரை இடிக்க எனக்கு உரிமை இல்லை.

சுவர் காப்பாற்றிய கதையும் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவின் கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்று கழகம் தன் அறிக்கையில் சொன்னது.

மூன்றாம் நாள் ராத்திரி செருகினேன். சிஸ்-யூஎஸ்பியில் வேஷம் கலைந்தது. சிஸ்-நெட்டுக்குக் கொடுத்தேன், போனது. மோடம் மேனேஜர் மோடத்தைக் கண்டுகொண்டது. ஆனாலும் இணையம் வரவில்லை! கடைசியில் பார்த்தால், சிம் நிறுவனத்தின் ஏபிஎன் பெயரைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன். முதலில் சிஸ்-நெட்டிலிருந்து பிங் செய்தேன்; போனது. அடுத்து சிஸ்-ஃபயர்வால், அதற்கடுத்து விண்ணப்ப அறை. ஒவ்வொரு வாசலாகச் சோதித்து முடிக்க ராத்திரி ஒன்பதரை. தங்கையும் அவள் அம்மாவும் பட்டன் போனோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிபி வந்தது, அவர்களே பார்த்துச் சொன்னார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். டிப்ளமோ கைக்கு வருமுன்னே ஊர் நம்மை நம்பத் தொடங்கிவிடுகிறது. எல்லாரும் கியூப்ஸ்தான் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு நினைவகம் நிறைய வேண்டும், பொறுமை அதைவிட நிறைய வேண்டும். வங்கி வேலையையும் விளையாட்டையும் ஒரே பயனர் கணக்கில் வைக்காதீர்கள். கண்ட பென்டிரைவை நேராகத் திறக்காதீர்கள். எந்தச் சுவரும் தானாகக் கதவைத் திறந்துவிடுகிறவரைக் காப்பாற்றாது. அதனால் ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உங்கள் தெருவில் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

உங்களில் யாருக்காவது டாங்கிள் மக்கர் செய்தால் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருப்பேன்.