மாமாவின் பெட்டி

இம்மலரில் பலர் கொடைக்கானல் சென்றதையும் வேளாங்கண்ணி சென்றதையும் எழுதியிருப்பீர்கள். 2025-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாங்கள் எங்குமே செல்லவில்லை. 'நாங்கள்' என்பது பத்தாம் வகுப்பில் ஒருத்தியும் எட்டாம் வகுப்பில் ஒருத்தியுமாக இப்பள்ளியில் பயிலும் சகோதரிகள் இருவர். தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பின்கட்டில், உயிர் பெற மறுத்த ஒரு கறுப்புப் பெட்டியின் முன்னால் பதினொரு நாட்கள் உட்கார்ந்திருந்தோம். அதைத்தான் எழுதப்போகிறோம்.

அப்பெட்டி எங்கள் மாமாவினுடையது. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், 2003-இல், அங்கே வாங்கினார். 'எக்ஸ்பாக்ஸ்' என்று பெயர். தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் இந்தச் சாதனம் முதன்முதலில் 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்றைய கைப்பேசிகளுக்கு முன்னால் அது கிழம். 733 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 64 எம்.பி. நினைவகமும்தான் அதற்கு. ஆனால் கனத்தில் குறையில்லை. தங்கை அதைப் பரணிலிருந்து இறக்கும்போது அம்மிக்குழவி என்று நினைத்தாள்.

மாமா அதை வாங்கியபடியே வைத்திருக்கவில்லை. உள்ளே 'மோட் சிப்' எனப்படும் ஒரு சிறு பலகையைப் பொருத்தச் செய்து, 8 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 120 ஜி.பி. டிஸ்க்கை வைத்தார். அதன்பின் பெட்டி விளையாட்டோடு நிற்காமல் பாட்டுப் பெட்டியாகவும் சினிமாப் பெட்டியாகவும் ஆயிற்று. காமிராவில் பிடித்த குடும்பப் படங்களையெல்லாம் மாமா அதில்தான் சேர்த்து வைத்தார். வேறு பிரதி எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. 2019-இல் மாமா காலமானார். அதன்பின் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை.

இந்த விடுமுறையில் ஆச்சி எங்களிடம் ஒரு நாள், "ஏட்டி, எம் பிள்ளை குரலு அதுக்குள்ள இருக்குல்லா? ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்" என்றார். வெகு சுலபம் என்று எண்ணிப் பெட்டியைத் துடைத்து, கம்பிகளை இணைத்துப் பொத்தானை அழுத்தினோம். மின்விசிறி சுழன்றது. உடனே நின்றது. மீண்டும் சுழன்றது, நின்றது. மூன்றாம் முறை சுழன்றதும் முகப்பிலுள்ள விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறிக் கண்சிமிட்டத் தொடங்கியது. திரையில் ஒன்றுமில்லை. ஆச்சி சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

டிஸ்க்கைக் கழற்றிக் கணினிக் கடையில் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. நாங்கள் வேண்டாமென்று தடுத்தோம். காரணம், இப்பெட்டியின் டிஸ்க் மற்ற கணினி டிஸ்க்குகளைப் போன்றதன்று. அதில் எழுதப்படும் முறையே வேறு. வழக்கமான கணினியில் இணைத்தால் அது வெற்று டிஸ்க் என்றே எண்ணி, 'புதிதாகத் தயார் செய்யட்டுமா?' என்று கேட்கும். தெரியாத ஒருவர் 'ஆம்' என்று அழுத்தினால் போதும், மாமாவின் குரல் போயே போய்விடும். இன்னொரு பயமும் இருந்தது. இப்பெட்டியின் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் பூட்டு உண்டு. அதைத் திறக்க வேண்டிய இரகசியம் அதே பெட்டியின் மதர்போர்டில் ஒரு சிறு சில்லில் இருக்கிறது. மாமா புது டிஸ்க்கையும் அப்படிப் பூட்டியிருந்து, மதர்போர்டும் செத்திருந்தால், பூட்டிய பெட்டகத்தின் சாவி கிணற்றில் விழுந்த கதைதான்.

என்ன செய்வதென்று தெரியாமல் நம் அறிவியல் சிஸ்டரிடம் போனோம். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாற்றியதையும் நடந்ததையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்" என்றார். பிறகு புன்னகையுடன், "அது சரி, செய்தவன் போட்ட பூட்டை உடைப்பதற்குத்தானே அந்தச் சிப்பு? அது நியாயமா?" என்று ஒரு கேள்வியும் போட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. மாமா வைத்திருந்த விளையாட்டுகளில் சில காசு கொடுத்து வாங்கியவை அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். அதை மறைத்து எழுத மனமில்லை. ஆனால் தன் பெட்டியில் தன் தாயின் படத்தைப் போட்டுப் பார்ப்பதற்கும் அந்தப் பூட்டுதானே தடையாக இருந்தது? சிஸ்டரும் நாங்களும் இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் பெருமைக்குரியது எதுவும் இல்லை. வேறு பிளக்கில் செருகினோம், பலனில்லை. கம்பியை மாற்றினோம், பலனில்லை. தங்கை பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். அதையும் நேர்மையாக எழுதியிருக்கிறோம்.

பின்னர் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஆறு திருகுகள். நான்கு இரப்பர்க் கால்களுக்குள்ளும் இரண்டு ஒட்டுத்தாள்களுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. சாதாரணத் திருப்புளி உதவாது, நட்சத்திர முனையுள்ளது வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி நெடுநேரம் கழித்துத்தான் திறந்தோம், அப்போதும் மின்சாரம் வழங்கும் பகுதியில் கை வைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் எதையும் திறக்க நினைக்கும் சிறுமியர் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டுகிறோம்.

உள்ளே உப்புக் காற்றின் வேலை நன்றாகத் தெரிந்தது. ஊரைச் சுற்றி உப்பளம் என்றால் இரும்பெல்லாம் பூத்துப்போவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மதர்போர்டில் ஒரு குட்டை உருளையைச் சுற்றி மட்டும் பிசுபிசுப்பாகக் கறை படிந்திருந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் சற்று நேரம் கடிகாரத்தை ஓட்டுவதற்கான மின்தேக்கி அது. வயதானால் அது கசிந்து, அருகிலுள்ள மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துவிடும். அக்காலத்து எக்ஸ்பாக்ஸ் பலவற்றுக்கு இதுவே முதுமை நோய். கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தோம்!

தெருமுனையில் டிவி பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் போர்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனோம். அவர் அந்த மின்தேக்கியை எடுத்துவிட்டு, ஆல்கஹால் தோய்த்த தூரிகையால் கறையைத் துடைத்துக் கொடுத்தார். அது இல்லாமலும் பெட்டி ஓடும். பிளக்கைப் பிடுங்கினால் நேரத்தை மறந்துவிடும், அவ்வளவே. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் கோடுகள் எதுவும் அறுபடவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து பொத்தானை அழுத்தினோம். ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது, ஓடியது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.

அன்றிரவு நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. போர்டைக் கொண்டுபோகும்போது நீதான் ஆட்டினாய் என்று ஒருவரையொருவர் குற்றம் சொன்னோம்.

மறுநாள்தான் உட்கார்ந்து யோசித்தோம். அந்த மூன்று முறைக்கு என்ன பொருள்? இந்தப் பெட்டிக்குள் ஒரு காவற்காரச் சில்லு இருக்கிறது. பெட்டி விழித்ததும் அது ஒரு கேள்வி கேட்கும். மூளையாகிய பெரிய சில்லு குறித்த கணத்துக்குள் விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காவற்காரன் பெட்டியை அணைத்து மறுபடி எழுப்புவான். மூன்றாம் முறையும் விடை வராவிட்டால் சிவப்பு-பச்சை விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவான். ஆக, மின்சாரம் வருகிறது, காவற்காரன் விழித்திருக்கிறான், மூளைதான் தன் பாடத்தை வாசிக்க முடியாமல் திணறுகிறது.

அந்தப் பாடம் எங்கே இருக்கிறது? முதல் 512 பைட்டுகள் ஒரு சில்லுக்குள்ளே ஒளித்து வைக்கப்பட்டவை. எம்.ஐ.டி. மாணவராயிருந்த ஆண்ட்ரூ ஹுவாங் என்பவர் 2002-இல் சில்லுகளுக்கிடையே ஓடும் கம்பிகளில் ஒட்டுக்கேட்டு அதை வெளிக்கொணர்ந்தார். 2003-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மிச்சப் பாடம் மதர்போர்டில் இன்னொரு சில்லில் உள்ளது. மோட் சிப் என்ன செய்கிறதென்றால், 'டி-0' என்னும் ஒரே ஒரு இணைப்பைத் தரையோடு சேர்த்து, அந்தச் சில்லை வெறுமையாகக் காட்டுகிறது. உடனே மூளை வேறு வாசலுக்குப் போய் மோட் சிப்பிலுள்ள பாடத்தை வாசிக்கிறது. அசல் வாத்தியாரை வாயடைத்துவிட்டு மாற்று வாத்தியார் பாடம் நடத்துவது போல. இப்போது மாற்று வாத்தியாருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டால்? வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள்!

இது தோன்றியதும் இருவருக்கும் சண்டை மறந்துபோயிற்று. மோட் சிப்பை அதன் முட்களிலிருந்து மெதுவாகக் கழற்றினோம். டி-0 கம்பியின் செருகியையும் எடுத்தோம். சிஸ்டர் சொன்னபடி வேறு எதையும் மாற்றவில்லை. பொத்தானை அழுத்தினோம்.

விசிறி சுழன்றது. நிற்கவேயில்லை. திரை ஒளிர்ந்து, பெட்டியைப் பழுது பார்க்க வேண்டும் என்று பல மொழிகளில் ஓர் அறிவிப்பு வந்தது. இடப்பக்கம் மேலே சிறியதாக '05' என்று ஓர் எண்.

ஆச்சி எட்டிப் பார்த்து, "கெட்டுப்போச்சுன்னுதான போட்டிருக்கான்?" என்றார். நாங்களோ கைகொட்டிக் கூச்சலிட்டோம். இந்தப் பெட்டியை ஆராய்ந்தவர்கள் இவ்வெண்களுக்கெல்லாம் பொருள் கண்டிருக்கிறார்கள். 05 என்றால் 'டிஸ்க் பூட்டப்படவில்லை' என்று பொருள். பூட்டில்லாத டிஸ்க்கை அசல் பாடம் ஏற்காது. அதனால்தான் அந்த முறைப்பாடு. எங்களுக்கு அதில் இரண்டு நற்செய்திகள் இருந்தன. மதர்போர்டு சாகவில்லை. மாமா டிஸ்க்கைப் பூட்டவுமில்லை. பெட்டி சரியாகாவிட்டாலும், தக்க மென்பொருள் தெரிந்தவர் அதைப் படித்துவிடலாம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் வாங்கி இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆகக் குற்றம் மோட் சிப்பிலோ அது அமரும் முட்களிலோதான். மறுபடி அண்ணாச்சி கடை. அவர் பூதக்கண்ணாடியை எங்களிடமே கொடுத்து, "நீங்களே பாருங்க பாப்பா, உங்க கண்ணு இளங்கண்ணு" என்றார். ஒவ்வொரு முள்ளாகப் பார்த்து வந்தோம். ஒரு முள்ளின் அடியில் ஈயத்தைச் சுற்றி மோதிரம் போல் ஒரு மெல்லிய கறுப்பு வளையம். ஈயம் வெடித்திருக்கிறது! அந்த வாசலில் தகவல் செல்வது நான்கே கம்பிகளில். அவற்றில் ஒன்று விட்டுவிட்டுத் தொட்டால், பாடத்தில் நான்கில் ஓரெழுத்து காணாமற்போனது போலத்தான். அண்ணாச்சி அந்த முள்ளுக்குப் புதிதாகச் சால்டரிங் வைத்தார். பக்கத்து முள் ஒன்றை எங்களில் மூத்தவளை வைக்கச் சொன்னார். அது சற்று உருண்டையாகத்தான் வந்தது. "ஓட்டும், ஓட்டும்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பதினொராம் நாள் மாலை. மோட் சிப்பைப் பொருத்தி, டி-0 கம்பியைச் செருகி, ஆச்சியைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். யாரும் பேசவில்லை. பொத்தானைத் தங்கைதான் அழுத்தினாள். ஒருமுறை சுழன்ற விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. விளக்கு பச்சையாக நிலைத்தது. மாமா வைத்திருந்த பட்டியல் திரையில் வந்தது. அதில் 'வீடு' என்றொரு வரி.

முதல் படத்தில் மாமா இல்லை. எடுத்தவர் அவரல்லவா! எங்கள் அம்மா கல்லூரிப் பெண்ணாக இரட்டைப் பின்னலுடன் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறார். முற்றத்தில் ஆச்சி, தலை நரைக்காத ஆச்சி, மீன் ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து, "ஏல, வேலையத்தவனே, அதக் கீழ வைல" என்று அதட்டுகிறார். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "ஒரு நிமிசம்மா, ஒரே நிமிசம்" என்கிறது குரல்.

ஆச்சி அழுவார் என்று நாங்கள் பயந்திருந்தோம். அவர் அழவில்லை. முன்னே சாய்ந்து, "சத்தத்தக் கூட்டுட்டி" என்றார். கூட்டினோம். "இன்னும்" என்றார்.

அந்தப் படங்களையெல்லாம் வலைக்கம்பி வழியாக அப்பாவின் கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிட்டோம். ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கிறது. ஆனால் ஆச்சிக்குக் கைப்பேசியில் பார்க்கப் பிடிக்கவில்லை. பெட்டியில்தான் போட வேண்டுமாம். மறுநாள் காலை அவர் ஒரு டப்பா மக்ரூன் வாங்கி, அண்ணாச்சி கடையில் கொடுத்துவிட்டு வரும்படி எங்களை அனுப்பினார்.