தொட்டிக்கு முதல் பவளம்

மீன் தொட்டி வைக்கிறவங்கள்ல ரெண்டு ரகம் உண்டு. நல்ல தண்ணித் தொட்டிக்காரங்க சாதாரண மனுஷங்க. உப்புத் தண்ணித் தொட்டிக்காரங்க ராத்திரி எழுந்து தெர்மாமீட்டர் பாக்கறவங்க. பெருங்களத்தூர்ல நானும் என் ரூம்மேட்டும் ரெண்டாவது ரகம் :-)

எங்க போர் தண்ணியைத் தொட்டியில ஊத்தினா கண்ணாடியெல்லாம் வெள்ளை பூத்துடும். அதனால ஆர்.ஓ. தண்ணி, லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கடல் உப்பு. அப்புறம் வாரக்கணக்கா காத்திருப்பு. அம்மோனியாவை நைட்ரைட்டா, அதை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா பாறையில குடியேறணும். அதுவரைக்கும் வெறும் பாறையையும் தண்ணியையும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வந்தவங்க எல்லாம் "மீன் எங்கப்பா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

இப்ப ரெண்டு கோமாளி மீன் இருக்கு. அடுத்தது பவளம். பாக்க செடி மாதிரி இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள்ள நுண்பாசி குடியிருந்து, வெயில்ல சமைச்சு சாப்பாடு போடுது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒண்ணு ரெண்டு டிகிரி கூடி சில வாரம் நீடிச்சா, பாசி வெளியேறி பவளம் வெளுத்துப் போகும். மே மாசம், பெருங்களத்தூர், மதியம் கரண்ட் கட்... மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனா சிக்கல் வந்தது சூட்டால இல்ல. ஒரு கடையில விசாரிச்சப்ப, "உள்ள இருக்கு தம்பி, ராமேஸ்வரம் சரக்கு, வெளிய வைக்க முடியாது"ன்னு குரலைத் தாழ்த்தினார். ஏன் தாழ்த்தினார்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல, 2001-ல கல்பவளங்கள் எல்லாத்தையும் முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. புலி இருக்கிற அதே அட்டவணை! தண்டனை மூணு வருஷத்துல ஆரம்பிக்குது.

"நாம வாங்கலேன்னா வேற எவனாவது வாங்கப் போறான் மச்சி"ன்னான் ரூம்மேட். இந்த வாதத்துக்கு பதில் மன்னார் வளைகுடாவிலயே இருக்கு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு. 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு. ஆனாலும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. தூத்துக்குடிப் பக்கம் அது நின்னது சுனாமிக்கு அப்புறம், 2005 வாக்குலதான். அலையைத் தடுக்கப் பாறை இல்லாம பூவரசன்பட்டி, விலங்குசல்லின்னு ரெண்டு தீவு முங்கியே போச்சு. மிச்சம் இருந்த பவளத்தையும் 2016 கோடை வெளுத்துத் தள்ளிச்சு. எடுத்தவன் ஒவ்வொருத்தனும் "ஒரு துண்டுதானே"ன்னுதான் எடுத்திருப்பான்.

தூத்துக்குடியில சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-லேர்ந்து இதைத் திருப்பிச் செய்யுது. உயிருள்ள பவளத்துல சின்னத் துண்டு எடுத்து, சிமெண்ட் வில்லையில கட்டி, கடலடியில வைக்கிறாங்க. கிட்டத்தட்ட நாம தொட்டியில செய்ய நினைச்ச அதே வேலை! கிளை பரப்புற ரகம் வருஷத்துக்கு 10 செ.மீ. வரை வளரும். உருண்டைப் பவளத்துக்கு ஒரு செ.மீ.யே பெரிய விஷயம். அந்தக் கடைக்காரர் காட்டின கைப்பிடி அளவு உருண்டைக்கு எங்க காலேஜ் படிப்பைவிட வயசு கூட.

காளான் பவளம், பட்டன் பாலிப் மாதிரி கல் எலும்பு இல்லாத ரகங்கள் 2001 பட்டியல்ல இல்ல. ஆனா எங்கேர்ந்து வந்ததுன்னு பில் காட்டுற கடை வேணும். நாங்க கேட்ட மூணு கடையில ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். ரூம்மேட்டுக்கு இன்னும் வருத்தம்தான். நடுப்பாறை காலியா கிடக்கு. ஒட்டி வாழ எதுவும் கிடைக்காததால கோமாளி மீன் ரெண்டும் தண்ணி சுழற்றுற மோட்டாரைக் கட்டிக்கிட்டு குடும்பம் நடத்துது.